மயிற்பொறியும் திருச்செங்கோட்டுப் பட்டறையும்

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். கருவுற்றிருக்கும் விசயை அதனைச் செலுத்தப் பழகிக்கொண்டு, பின்னர் அதிலேறித் தப்புகிறாள். வானூர்தியை அன்றே கண்டவன் தமிழன் என்று மேடைகளில் முழங்குவதற்கு இப்பகுதி நமக்குப் பயன்பட்டு வருகிறது. காப்பியக் கற்பனை வரலாற்றுச் சான்றாகாது. எனினும் அக்கற்பனையில் நாம் கருதாத செய்தி ஒன்றுண்டு: பொறியைச் செய்பவன் கைவினைஞன், செலுத்துபவள் முன்னதாகவே பயில்கிறாள்.

அத்தகைய கைகள் சேலம், நாமக்கல் சமவெளியில் இன்றும் உள்ளன. நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி உருவாகிறது. இக்கைகளால் ஒரு சிறு விமானம் கட்ட இயலாதா?

இயலும் என்பதற்குச் சான்றுகள் உள. தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்த சஜி தாமஸ் பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் அற்றவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அவர் கட்டிய இருவர் அமரும் விமானம் 2014இல் நம் மணிமுத்தாற்றில் பறந்தது. மும்பையில் விமானி அமோல் யாதவ் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2017இல் அது பதிவு பெற்றது.

ஆயினும் நம் பட்டறைகள் ஒரு பழக்கத்தைத் துறந்தாக வேண்டும். லாரியில் ஐயம் எழுந்தால் இன்னொரு இரும்புப் பட்டையைச் சேர்த்து அடிப்பார்கள். அங்கே கனமே காப்பு. விமானத்திலோ கூடும் ஒவ்வொரு கிலோவும் ஓடுதளத்தை நீட்டும், ஏறும் வேகத்தைக் குறைக்கும். எடை வால்பக்கம் மிகுந்தால் மூக்கை அடக்குவதே அரிதாகிவிடும். ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் நிறுத்து, அளந்து, எழுதிவைக்க வேண்டும். கண்மதிப்பில் வாழும் தொழிலுக்கு ஏட்டில் எழுதும் ஒழுக்கம் சேர வேண்டும்.

அமெரிக்காவில் 1953இல் தோன்றிய சோதனை விமானச் சங்கம் இவ்வொழுக்கத்தையே வளர்த்தது. அங்கே விமானத்தின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியவருக்குத் தனிச் சட்டப்பிரிவு உண்டு. ஆய்வு முடிந்த பின்னும், வரையறுத்த வான்வெளியில் குறித்த மணிநேரம் பறந்து காட்டிய பிறகே பிறரை ஏற்ற முடியும்.

ஆபத்து என்று சொல்லி இம்முயற்சியை ஒதுக்குவோர் உண்டு. ஆபத்து உண்மைதான். மறைவில் கட்டினால் அது பெருகும். ஆய்வாளர் கண்முன் கட்டினால் குறையும். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களுள் சேலமும் ஒன்று. பெருநிறுவனங்களுக்கு நிலம் ஒதுக்குவதோடு நில்லாமல், இங்குள்ள ஒரு பொறியியல் கல்லூரி பட்டறைக்காரரையும் மாணவரையும் ஒரே மேசையில் அமர்த்தி ஒரு விமானம் கட்டட்டும். ஒருவர் பற்றவைப்பைக் கற்பிக்கட்டும். மற்றவர் கணக்கைக் கற்பிக்கட்டும். மயிற்பொறியைப் பற்றிப் பெருமை பேசுவோர் அதன் பிறகு பேசலாம்.