செடி வேறு, மருந்து வேறு

கஞ்சாவை மருந்தாக அனுமதிக்கலாமா என்னும் விவாதம் இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. கனடா 2018ஆம் ஆண்டிலும் ஜெர்மனி 2024ஆம் ஆண்டிலும் வயது வந்தோர் குறிப்பிட்ட அளவு கஞ்சா வைத்திருப்பதைச் சட்டபூர்வமாக்கின. நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டில், அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி மருத்துவப் பயன்பாட்டுக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தார். இச்செய்திகள் கைப்பேசி வழியே நெய்வேலியின் எல்லா வட்டங்களுக்கும் வந்து சேர்கின்றன. அதன் விளைவாகப் புறநோயாளர் பிரிவில் எங்களிடம் ஒரு கேள்வி எழுகிறது: "கஞ்சா எண்ணெய் கொடுத்தால் புற்றுநோய் குணமாகுமாமே, உண்மையா, டாக்டர்?" நோயாளியைக் காட்டிலும் உடன் வருபவரே பெரும்பாலும் இதைக் கேட்கிறார்; அதுவும் தாழ்ந்த குரலில் கேட்கிறார். தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விக்கு உரத்த குரலில், தெளிவாக விடை சொல்ல வேண்டியது மருத்துவர்களாகிய எங்கள் கடமை. அதற்காகவே இக்கட்டுரை.

மூன்று கேள்விகள்

இவ்விவாதத்தில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கஞ்சாவில் மருந்தாகப் பயன்படும் பொருள் உண்டா என்பது முதற்கேள்வி. கஞ்சா பயன்படுத்துபவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமா என்பது இரண்டாவது. மதுவைப் போல் அதைக் கடையில் விற்கலாமா என்பது மூன்றாவது. முதற்கேள்விக்கு 'ஆம்' என்று விடை வந்தால் மூன்றாவதற்கும் 'ஆம்' என்று சொல்லிவிட வேண்டும் என வாதிடுவோர் ஒரு புறம். மூன்றாவதற்கு 'இல்லை' என்பதால் முதற்கேள்வியைக் கேட்கவே கூடாது என்போர் மறுபுறம். இரு சாராரும் நோயாளிக்கு உதவவில்லை என்பது எங்கள் கருத்து.

பழைய உறவும் இன்றைய சட்டமும்

கஞ்சா நம் மருத்துவத்துக்குப் புதியதன்று. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் அதை மருந்துச் சரக்காக அறிந்திருந்தன. நச்சுச் சரக்காகவும் அறிந்திருந்தன. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் விதிகளில், நச்சுத்தன்மையுள்ள சரக்குகளைக் கூறும் இ(1) அட்டவணையில் எட்டி, ஊமத்தை ஆகியவற்றோடு கஞ்சாவும் இடம்பெற்றுள்ளது. ஆகவே அது சேர்ந்த மருந்தை மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். 'மூலிகைதானே, கெடுதல் இல்லை' என்ற எண்ணம் நம் மரபுக்கே புறம்பானது.

1839ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் ஓஷாநெஸி, கஞ்சாச் சாற்றை நோயாளிகளிடம் பயன்படுத்தி, கண்டதை வெளியிட்டார். மேலை மருத்துவம் கஞ்சாவைக் கவனித்தது அதன் பிறகே. 1893ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுத் தடை தேவையில்லை, கட்டுப்பாடே போதும் என்று பரிந்துரைத்தது.

இன்று நடைமுறையில் உள்ளது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதன்படி கஞ்சாச் செடியின் பூவும் காயும் கூடிய நுனிகளும் பிசினும் தடைக்கு உட்பட்டவை. தனியாகப் பறித்த இலையும் விதையும் அவ்வரையறைக்குள் வருவதில்லை. வட மாநிலங்கள் சிலவற்றில் உரிமம் பெற்ற பாங் கடைகள் இயங்குவது இதனால்தான். ஒரு கிலோவுக்கு உட்பட்ட கஞ்சா வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 20 கிலோவுக்கு மேற்பட்டால் குறைந்தது பத்தாண்டு கடுங்காவல். அதே சட்டம், மருத்துவத்துக்கும் அறிவியல் ஆய்வுக்கும் அரசு உரிமம் வழங்கவும் இடம் தருகிறது. மருத்துவ ஆராய்ச்சிக்கான கதவைச் சட்டம் மூடிவிட்டது என்று சொல்வது சரியன்று.

2020ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியது. 27 நாடுகள் ஆதரித்தன. 25 நாடுகள் எதிர்த்தன. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 'கஞ்சாவுக்கு உலகம் அனுமதி அளித்துவிட்டது' என்று அப்போது பரவிய செய்தி பிழையானது. முதல் அட்டவணையின் கட்டுப்பாட்டில் கஞ்சா இன்றும் உள்ளது. அதற்கு மருத்துவப் பயன் உண்டு என்பது மட்டுமே அந்த வாக்கெடுப்பால் ஏற்கப்பட்டது.

மெய்ப்பிக்கப்பட்டது எது?

கஞ்சாவில் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தன்மையுள்ள வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, போதை தரும் டி.எச்.சி.; இதனை 1964ஆம் ஆண்டில் இஸ்ரேல் அறிவியலாளர் மெக்கூலம், கவோனி ஆகியோர் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். மற்றொன்று, போதை தராத சி.பி.டி.

சி.பி.டி. குறித்த சான்று வலுவானது, ஆனால் குறுகியது. டிராவே நோய்க்குறி எனப்படும் கடுமையான, அரிதான வலிப்பு நோயுள்ள 120 சிறாரிடமும் இளையோரிடமும் நடத்தப்பட்டு 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், மருந்து பெற்றவர்களுக்கு மாதத்திற்குச் சராசரியாக 12 முறை வந்த வலிப்பு 6 முறையாகக் குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களிடம் மாற்றம் ஏதுமில்லை எனலாம். இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில் 2018ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதனை மருந்தாக ஏற்றது. டி.எச்.சி.யின் செயற்கை வடிவம், புற்றுநோய்க்கான கீமோதெரபியால் வரும் வாந்திக்கு, பிற மருந்துகள் பயன் தராதபோது கொடுப்பதற்காக 1985ஆம் ஆண்டிலேயே அங்கு அனுமதி பெற்றது. தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் வரும் தசை இறுக்கத்துக்கு, இரண்டும் கலந்த தெளிப்பு மருந்து ஒன்று பிரிட்டனில் 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது.

உறுதியான பட்டியல் ஏறக்குறைய இவ்வளவே. நாட்பட்ட வலிக்குக் கஞ்சாவைப் பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லப்படுவதற்கு ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்த செல்களிலும் விலங்குகளிலும் கண்டவையே ஆதாரம். மனிதரிடம் மெய்ப்பிக்கப்படவில்லை.

நம் குடியிருப்பின் வாசல்களில் நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் இன்றியமையாத வின்கிறிஸ்டின் என்னும் மருந்து அச்செடியிலிருந்தே கிடைக்கிறது. அதற்காக இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைக்கு அவ்விலையை அரைத்துக் கொடுக்க எந்தத் தாயும் முன்வருவதில்லை. எந்த அரசும் அதற்கென்று சட்டம் இயற்ற வேண்டியதில்லை. செடியிலிருந்து பொருளைப் பிரித்து, தூய்மையாக்கி, அளவு கண்டு, ஆய்வு செய்து, மருத்துவர் கையில் தந்தார்கள். கஞ்சாவுக்கும் அதே வழிதான் வேண்டும் என்கிறோம்.

பெயரறியாக் குப்பிகள்

இணையத்தில் விற்கும் எண்ணெய்க் குப்பிகளைக் குறித்து எங்களுக்கு மூன்று அச்சங்கள் உண்டு.

முதலாவது, அளவு. மேற்சொன்ன வலிப்பு ஆய்வில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 400 மில்லிகிராம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத குப்பியின் இரண்டு சொட்டில் எத்தனை மில்லிகிராம் உள்ளது, அதில் போதைப்பொருள் கலந்துள்ளதா என்பதை எங்களாலும் சொல்ல இயலாது.

இரண்டாவது, பிற மருந்துகளோடு மோதல். சி.பி.டி. இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டலாம்; வலிப்புக்கான சோடியம் வால்புரோயேட்டுடன் சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். டி.எச்.சி. இதயத் துடிப்பை விரைவுபடுத்தும். இதய நோயாளிக்கு அது ஆபத்து.

மூன்றாவதே மிகப் பெரியது. குணமாக்கக்கூடிய நிலையில் உள்ள புற்றுநோய்க்குச் சிகிச்சையை நிறுத்திவிட்டு எண்ணெயை நம்பிக் காத்திருந்தால், இழந்த மாதங்கள் திரும்ப வருவதில்லை.

எங்கள் நிலைப்பாடு

முதற்கேள்விக்கு எங்கள் விடை: ஆம். மெய்ப்பிக்கப்பட்ட நோய்களுக்கு, தூய்மையாக்கப்பட்ட மருந்து, தேவைப்படும் குழந்தைக்கு எட்டும் விலையில் இந்நாட்டிலேயே கிடைக்க வேண்டும். ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் இத்துறையில் ஆராய்ந்து வருவது வரவேற்கத்தக்கது.

இரண்டாம் கேள்விக்கு: பழக்கத்துக்கு அடிமையானவர் நோயாளி. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த தேசிய ஆய்வு, கஞ்சாவால் சிக்கலுக்கு உள்ளாகி உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 72 லட்சம் பேர் என்று கணித்தது. இவ்வளவு பேரையும் சிறையால் திருத்த இயலாது. சிகிச்சைக்குத் தாமே முன்வருவோரை வழக்கிலிருந்து விடுவிக்க அதே சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. அப்பிரிவு மேலும் தாராளமாகப் பயன்பட வேண்டும்.

மூன்றாம் கேள்விக்கு: கடைவிற்பனை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மூளை ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பதின்ம வயதில் தொடங்கும் கஞ்சாப் பழக்கம் மனச்சிதைவு நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. குடும்பத்தில் அந்நோய் இருந்தால் ஆபத்து மேலும் மிகுதி. மூன்று ஷிப்டுகளிலும் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் பேரியந்திரங்களை இயக்கும் நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கணக் கவனக்குறைவு இங்கே இயக்குபவரை மட்டும் பாதிப்பதில்லை; உடன் வேலை செய்வோரையும் பாதிக்கும். தாய்லாந்து 2022ஆம் ஆண்டில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. முறையான விதிகள் வருமுன் ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. 2025ஆம் ஆண்டில் மருத்துவச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்பனை என்று அது பின்வாங்க நேர்ந்தது. பிறர் பட்டதை நாம் பாடமாகக் கொள்ளலாம்.

தனிமனித உரிமையைச் சுட்டி எங்களை மறுப்போரும் உள்ளனர். மது கடையில் விற்கும்போது கஞ்சாவுக்கு மட்டும் தடையா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. மதுவால் கல்லீரல் கெட்டவர்களை நாள்தோறும் காணும் எங்களுக்கு, அந்த நியாயம் இரண்டாவது கடையைத் திறப்பதற்குக் காரணமாகத் தோன்றவில்லை.

கையருகே உள்ள மருந்து

கஞ்சா எண்ணெய் வேண்டும் என்று கேட்கும் குடும்பத்தினரிடம் சற்று நேரம் பேசினால், அவர்கள் உண்மையில் தேடுவது நோயாளியின் வலிக்கு ஒரு விடிவு என்பது விளங்கும். அந்த விடிவு ஏற்கெனவே சட்டபூர்வமாக உள்ளது. அதன் பெயர் மார்ஃபின்.

இங்கேதான் சட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மருத்துவத்துக்காக அபினியைச் சட்டபூர்வமாக விளைவிக்கும் நாடு இந்தியா. ஆயினும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால், நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு சரிந்து, 1997ஆம் ஆண்டில் வெறும் 18 கிலோவாகக் குறைந்தது. போதையைத் தடுக்க வந்த சட்டம், புற்றுநோயாளியின் வலியைத் தணிக்கும் வழியையும் அடைத்துவிட்டது. திருவனந்தபுரம் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் உள்ளிட்டோரின் நெடிய முயற்சிக்குப் பின், 2014ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. பல துறைகளிடம் பல உரிமங்கள் பெற வேண்டிய நிலை மாறி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே ஒப்புதலுடன் அதனை வழங்கலாம் என்றாயிற்று.

சட்டம் திருந்திய பின்னும் அச்சம் திருந்தவில்லை. 'மார்ஃபின் என்றால் கடைசிக் கட்டம்' என்று நினைத்து மறுக்கும் குடும்பங்கள் பல. வலி எந்தக் கட்டத்தில் கடுமையாகிறதோ அந்தக் கட்டத்துக்கான மருந்து அது. முறையான அளவில் கொடுத்தால் ஆயுளைக் குறைப்பதில்லை. புற்றுநோய் வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்வோர் அடிமையாவது அரிது. மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். அதற்கான மருந்தை உடன் தருவோம். முதற்சில நாட்களின் குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் தாமே தணியும். மாத்திரையை வலி வரும்வரை காத்திராமல் குறித்த நேரத்தில் கொடுக்க வேண்டும். திடீரென நிறுத்தக் கூடாது. வீட்டில் பூட்டி வைக்க வேண்டும்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது

கஞ்சா எண்ணெயோ வேறு எந்த மருந்தோ வெளியில் வாங்கிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், குப்பியையும் கொண்டுவாருங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். எந்த மருந்தோடு எது மோதும் என்று கணிக்க அத்தகவல் எங்களுக்குத் தேவை.

வலியைப் பொறுத்துக்கொள்ளுமாறு நோயாளியிடம் சொல்லாதீர்கள். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டு, நேரத்தோடு குறித்து வாருங்கள். படுக்கையிலேயே இருப்போருக்கு, 2021 முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் வீட்டிலேயே நோய் ஆதரவுச் சிகிச்சை கிடைக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பிள்ளைகளிடம் பழக்கம் இருப்பதாக ஐயம் எழுந்தால், அடிப்பதற்கு முன் அழைத்து வாருங்கள். 14446 என்னும் போதை மீட்பு உதவி எண்ணிலும், 14416 என்னும் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

கஞ்சாச் சட்டம் எப்படி மாற வேண்டும் என்று நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும். அதுவரை எந்த நோயாளியும் வலியோடு காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வரும்போது, நோயாளியின் வலியைப் பற்றியே முதலில் எங்களிடம் பேசுங்கள்.