பாலிஷ் போட வேண்டாம்

ஹைதராபாத் சாலார்ஜங் அருங்காட்சியகத்தில் இசைக் கடிகாரம் மணி அடிக்கும் நேரத்தில் தேர் பார்க்கிற கூட்டம். முக்காடிட்ட ரெபெக்கா சிலைக்கும் குறையாத மவுசு. ஆயுதக் கூடத்துக்கு வருபவர்களோ வாள்களை வியந்துவிட்டு, துப்பாக்கிகளை அரைக் கண்ணால் பார்த்தபடி நடையைக் கட்டுகிறார்கள். இந்தப் பொருள்களில் பெரும்பகுதியைச் சேர்த்தவர் மூன்றாம் சாலார்ஜங் மீர் யூசுப் அலி கான் (1889-1949). அவருடைய தாத்தா முதலாம் சாலார்ஜங், துப்பாக்கிக்குத் தப்பியவர். 1859-ல் நிஜாமின் தர்பாரிலிருந்து பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டேவிட்சனுடன் அவர் வெளியே வந்தபோது ஒருவன் சுட்டான். குறி தவறியது.

அந்தக் காலத்து ஆயுதம்தான் கேப் ரிவால்வர். பித்தளைத் தோட்டா பரவலாவதற்கு முந்தையது. சுழல் உருளையின் ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்து கொட்டி, ஈயக் குண்டை இறுக்கி, பின்னால் உள்ள காம்பில் சின்னச் செப்புக் குல்லாய் மாட்ட வேண்டும். தீபாவளி பொட்டு கேப்பின் முப்பாட்டன் அது. சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1853 முதல் 1856 வரை லண்டனிலும் ஆலை நடத்தினார். அங்கே அவருக்குப் போட்டியாக இருந்தவர் ராபர்ட் ஆடம்ஸ். கோல்ட்டில் ஆறு குண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் குதிரையை இழுக்க வேண்டும். ஆடம்ஸில் ஐந்துதான், விசையை அழுத்தினாலே போதும். 1857 கிளர்ச்சியின்போது ஆங்கில அதிகாரிகள் பலர் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தவை இந்த இரண்டு ஜாதியும்தான்.

சேகரிப்பவர்கள் தேடுவது சுடும் திறனை அல்ல, உலோகத்தில் செதுக்கியதை. கோல்ட்டின் 1851 'நேவி' ரகத்தின் உருளையைச் சுற்றி ஒரு கடற்போரே நடக்கும்: 1843 மே 16-ல் டெக்சாஸ் கப்பல்கள் மெக்சிகோ கப்பல்களுடன் மோதிய சண்டை. இது அச்சு உருளையால் அழுத்திப் பதித்த படம், ஆழம் குறைவு. விசேஷத் துப்பாக்கிகளில் கொடியும் இலையும் கைவேலை. துருக்கி சுல்தான் அப்துல் மஜீதுக்கு கோல்ட் பரிசளித்த ரிவால்வரில் வாஷிங்டனின் முகம் தங்கத்தில் பதிந்திருக்கிறது. இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்தியாவில் கிடைப்பதில் எனக்கு ருசிப்பது தங்கமல்ல, எழுத்து. குழலின் மேல் லண்டன் விலாசம், அல்லது விற்ற கடையின் பெயர்: கல்கத்தா மான்டன், மெட்ராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ். (கடிகாரக் கடை என்றே நாம் அறிந்த ஆர் கம்பெனி துப்பாக்கியும் விற்றது.) தமிழ் படித்த புத்திக்கு இது கல்வெட்டுதான். யார் செய்தது, எங்கே விற்றது, எத்தனையாவது எண் எல்லாம் இருக்கும். குழல், சட்டம், உருளை மூன்றிலும் ஒரே எண் இருந்தால் ஜோடி மாறவில்லை என்று பொருள். எண் தேய்ந்திருக்க, பூவேலை மட்டும் நேற்று வெட்டியது போல் கூராக இருந்தால் விலையேற்ற யாரோ பின்னால் செதுக்கியிருக்கிறார்கள். 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில் நகல்களும் வருகின்றன.

1949-ல் ஹைதராபாத்தில் ஜாகீர்தாரி முறை ஒழிந்த பிறகு எத்தனையோ தேவ்டிகள் கலைந்தன. சாமான்கள் பழைய பொருள் கடைகளுக்கு வந்தன. வாங்கியவர் முதலில் செய்வது பாலிஷ். கறுத்துக் கிடந்தது வெள்ளி போல் மின்னும். கடற்போர் காணாமல் போயிருக்கும்.

சட்டமும் பல காலம் விசித்திரமாகவே இருந்தது. 1959-ன் ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு அளித்தது. அதாவது, கெட்டுப்போனது கலைப்பொருள், கெடாதது ஆயுதம். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. 2020-ல் மத்திய உள்துறை, 'க்யூரியோ' வகைச் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை என்று விதியைத் தளர்த்தியது. பயன்படுத்தவோ எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும். தாமதமானாலும் நல்ல காரியம். ஆனால் தாத்தா பெட்டியில் கிடைத்தது க்யூரியோதான் என்று எதை வைத்துச் சொல்வது? அந்தத் தேய்ந்த எழுத்தையும் எண்ணையும் வைத்துத்தான். அதை அழித்துவிட்டால் அது வெறும் கைத்துப்பாக்கி.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தால் தேய்க்காதீர்கள். குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள். விஷயம் தெரிந்தவர் உருளையைச் சோதிக்கட்டும். வெடிமருந்தும் ஈயமும் அடைத்தபடியே ஒதுக்கப்பட்ட ரிவால்வர்கள் உண்டு. ஈரம் புகாமல் இருந்தால் நூற்றைம்பது வருஷம் கழித்தும் அந்த மருந்து வெடிக்கும்.