பொறுப்பைத் துறந்த வணிகர்கள்

துறவு என்பது பெரியோர் செயல் என்று பள்ளியில் படித்தோம். மண்ணைத் துறந்தவர், பொன்னைத் துறந்தவர், மனை துறந்து காடு சென்றவர் என்று பலரை நம் இலக்கியங்கள் காட்டுகின்றன. இன்றைய வணிக உலகமோ இவர்களில் சேராத ஒரு புதுத் துறவியைப் படைத்திருக்கிறது. அவர் பொன்னைத் துறப்பதில்லை, பொருளைத் துறப்பதில்லை, பொறுப்பை மட்டும் துறக்கிறார். இதற்குப் ‘பொறுப்புத் துறப்பு’ என்று பெயர். ‘டிஸ்கிளெய்மர்’ என்றால் நண்பர்களுக்கு உடனே விளங்கும்.

அறிவை விற்பது புதிய தொழில் அன்று. நோட்ஸும் கைடும் நமக்கு முன்பே பிறந்தவை. ஆனால் அச்சுப் புத்தகத்தைக் கடையில் நின்று நாலு பக்கம் புரட்டிப் பார்த்து வாங்கலாம். இன்று அதே அறிவு பி.டி.எஃப். கோப்பாகவும், வீடியோ பாடமாகவும், செல்போன் செயலியாகவும் வருகிறது. பணம் கட்டிய பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். போட்டித் தேர்வு வினா விடை, பங்குச் சந்தைப் பயிற்சி, எடை குறைக்கும் உணவுப் பட்டியல் என எல்லாம் இவ்வாறே விற்கின்றன. விற்பவரின் முகம் தெரிகிறது, முகவரி தெரிவதில்லை.

இந்த வணிகருக்கு இரண்டு குரல்கள். விளம்பரத்தில் ஒலிப்பது முதற்குரல்: “முப்பதே நாளில் வெற்றி! வேலை உறுதி!” இது நல்ல தமிழில், பெரிய எழுத்தில், உரத்த தொனியில் வரும். விதிமுறைப் பக்கத்தில் இருப்பது இரண்டாம் குரல்: “எந்தப் பலனுக்கும் நாங்கள் உத்தரவாதம் அல்ல, கட்டிய பணம் திரும்பத் தரப்படமாட்டாது.” இது ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருக்கும். முதற்குரல் பணத்தை வாங்குகிறது. இரண்டாம் குரல் பணத்தைக் காக்கிறது.

விற்பவர் பக்க நியாயம்

பொறுப்புத் துறப்பே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. நோட்ஸ் வாங்கியவர் அதைப் படிக்காமல் தூங்கினால் எழுதியவர் என்ன செய்வார்? ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் குறிப்புகளைத் தொகுத்து ஐம்பது ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள ஒவ்வொரு பிழைக்கும் அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தால் நாளை எவரும் பேனாவைத் தொடமாட்டார்கள். “இன்ன ஆண்டுப் பாடத்திட்டப்படி எழுதப்பட்டது”, “இது மருத்துவர் ஆலோசனைக்கு மாற்று அன்று” என்று எழுதுவது நேர்மையான எச்சரிக்கை. பாலத்தின் மேல் எத்தனை டன் பாரம் போகலாம் என்று பலகை வைப்பது போன்றது அது.

அமெரிக்காவில் காளான் கலைக்களஞ்சியம் ஒன்றை நம்பிக் காளான் பறித்துத் தின்ற இருவருக்குக் கல்லீரலையே மாற்ற நேர்ந்தது. ஆயினும் 1991இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், நூலை எழுதாத பதிப்பாளரைப் பொறுப்பாக்க மறுத்தது. கருத்துகளைப் பரப்புவோர் அஞ்சி ஒடுங்கிவிடக் கூடாது என்பது அதன் கவலை. அக்கவலையில் நியாயம் உண்டு. ஆனால் பதிப்பாளர் தாமே முன்வந்து உறுதி அளித்தால் அப்பொறுப்பு அவரைச் சேரும் என்பதையும் அத்தீர்ப்பு மறுக்கவில்லை. நம் கேள்வி அங்கேதான் பிறக்கிறது. உறுதியைத் தாமே உரக்கக் கொடுத்தவர், பிறகு அதை முணுமுணுப்பில் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?

சலவைக் கடை சொன்ன பாடம்

இக்கேள்வி கணினிக்கு முற்பட்டது. 1966ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உள்ளது. சலவைக்குப் போட்ட 220 ரூபாய்ப் புதுச் சேலை தொலைந்துவிட்டது. “பொருள் தொலைந்தால் பாதி விலைதான் தருவோம்” என்று ரசீதின் பின்புறம் அச்சிட்டிருப்பதைக் கடைக்காரர் காட்டினார். பொதுநலனுக்கு மாறான விதி, ரசீதில் அச்சிட்டுக் கொடுத்ததனால் மட்டுமே செல்லுபடியாகிவிடாது என்றது நீதிமன்றம். செல்லும் என்றால், புதுச் சேலைகளைத் தொலைத்துவிட்டுப் பாதி விலை கொடுப்பதே இலாபமான தொழிலாகிவிடும் அன்றோ?

எனினும் எல்லா விதியும் இப்படி உதிர்ந்துவிடும் என்று எண்ண வேண்டா. கூரியர் நிறுவனம் ஒன்று தன் பொறுப்பு 100 டாலர்தான் என்று அச்சிட்டிருந்தது. அனுப்பியவர் அதில் கையெழுத்திட்டிருந்தார். அந்த வரம்பு செல்லும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்துக்கு அவ்வளவு வலிமை. இன்று செல்போனில் ‘சம்மதம்’ என்ற கட்டத்தைத் தொட்டாலும் ஒப்பந்தம் உண்டாகும். மின்னணு முறையில் ஆனது என்பதற்காக அது செல்லாமற் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம். நம் பாட்டனார்கள் படிக்கத் தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் பட்டப் படிப்புக்கு வந்த பின்னும், படிக்க முடியாதபடி எழுதப்பட்ட பத்திரம் விரல் நுனியைக் கேட்கிறது.

சட்டம் இருக்கிறது

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மின்வணிகத்தில் டிஜிட்டல் பொருள்களையும் சேர்த்திருக்கிறது. குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், சம்மதக் கட்டத்தில் விற்பவரே முன்கூட்டி டிக் அடித்து வைப்பதைத் தடுக்கின்றன. 2022 ஜூனில் வந்த விளம்பர நெறிமுறைகள் இன்னும் தெளிவானவை: பொறுப்புத் துறப்பு, விளம்பரத்தின் கூற்றை விளக்கலாம், தவறான கூற்றைத் திருத்த அதைப் பயன்படுத்தக் கூடாது. கூற்று எந்த மொழியிலோ அதே மொழியில் அது இருக்க வேண்டும். 2024 நவம்பரில் வந்த நெறிமுறைகள், பயிற்சி மையங்கள் வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று விளம்பரம் செய்வதைத் தடுத்தன.

பங்குச் சந்தையிலும் இதே நாடகம். “கல்வி நோக்கத்துக்கு மட்டுமே” என்ற ஒரு வரியின் நிழலில் நின்று இன்ன பங்கை வாங்கு, இன்னதை விற்கு என்போர் பலர். 2023 அக்டோபரில் செபி, பாடம் நடத்துவதாகச் சொல்லி யோசனை விற்றதாகக் கண்ட ஒரு தரப்பின் 17 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை இடைக்கால ஆணையால் முடக்கியது. 2025 ஜனவரியில், கல்வி மட்டும் புகட்டுவோர் கடந்த மூன்று மாதச் சந்தை விலைகளைக் கொண்டு பாடம் நடத்தக் கூடாது என்றும் விளக்கியது. பெயர்ப்பலகையை அன்று, உள்ளே நடப்பதையே பார்த்தது செபி. அதுவே சரியான அளவுகோல்.

பிறகும் ஏன் இழக்கிறோம்?

எங்கள் விடுதி நண்பர் ஒருவர் 1,499 ரூபாய் கட்டித் தேர்வுப் பயிற்சித் தொகுப்பு வாங்கினார். வந்தவை பழைய பாடத்திட்டத்து வினாக்கள். பணத்தைக் கேட்டதற்கு ஆங்கில விதியின் படம் ஒன்று பதிலாக வந்தது. அந்தத் தொகை, அவருடைய தாயார் நான்கு நாள் களை பறித்த கூலி. “போனது போகட்டும், இதற்குப் போய் கோர்ட்டா?” என்றார் நண்பர். இந்த அலுப்பே அவ்வணிகரின் உண்மையான பாதுகாப்பு. தொகை சிறியது, ஆள் எளியவர், வழக்குக்கு வரமாட்டார் என்ற கணக்கில்தான் அவர் விலையே வைக்கிறார்.

உண்மையில் நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை; காலக்கெடு இரண்டு ஆண்டு. 1915 என்ற எண்ணில் உதவியும் கேட்கலாம். ஆனால் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ஓர் ஒப்பந்த விதியே நியாயமற்றது, செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்குமே உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. 1,499 ரூபாய் இழந்தவர் பேருந்துக்கு எவ்வளவு செலவழிப்பார்? அந்த அதிகாரத்தை மாவட்டத்துக்கும் தர வேண்டும். விதிமுறை தமிழில் இல்லையேல், தமிழில் விளம்பரம் செய்து விற்றவர் அதைக் காட்டித் தப்ப முடியாது என்று சட்டமே சொல்ல வேண்டும்.

நம் கல்லூரியும் சும்மா இருக்க வேண்டியதில்லை. குடிமக்கள் நுகர்வோர் மன்றம் ஒன்று அமைத்து, புகார் எழுதத் தெரியாதவருக்கு நாம் எழுதிக் கொடுக்கலாம். ஒருவர் 1,499 ரூபாய்க்குப் புகார் செய்தால் அது சில்லறைத் தகராறு. ஏமாந்த நூறு பேரும் செய்தால், சிறிய எழுத்தின் பின்னே ஒளிந்திருப்பவர் பெரிய எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அறிவை விற்பவர் விற்கட்டும். நியாயமான விலையும் பெறட்டும். எல்லை எது என்று நேர்மையாக எழுதி வைக்கட்டும். ஆனால் வாக்குக் கொடுத்த வாயே அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். பணத்தைத் துறக்காதவருக்குப் பொறுப்பைத் துறக்கும் உரிமை இல்லை.