பேடுக்குக் காது மந்தமா?

என் பேரனிடம் ஒரு எலக்ட்ரானிக் டிரம் செட் இருக்கிறது. போன மாதம் யாரோ உபயோகித்த பேட் ஒன்றை வாங்கிவந்து கூடுதலாக மாட்டினான். நடுவில் அடித்தால் சத்தம் வருகிறது, விளிம்பில் இல்லை. மெல்லத் தட்டினால் எதுவுமே இல்லை. பக்கத்து டாமை அடித்தாலோ, தொடாத இந்தப் பேட் ‘டம்’ என்கிறது. கடைக்காரர், “மாட்யூல் பழசு தம்பி, செட்டையே மாத்திடுங்க” என்றாராம். இவனும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான்.

செலவைவிட எனக்கு உறுத்தியது வேறு. நாலு நாளாக ஓங்கி ஓங்கி அடித்து மணிக்கட்டில் தைலம் தடவிக்கொண்டிருந்தான். “என் கைக்கு பலம் பத்தல தாத்தா” என்றான். சாமானைச் சரியாகப் பூட்டாததற்குப் பிள்ளை தன் கையைக் குறை சொல்கிறான்!

மிருதங்க வித்துவான் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புகிறார், கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கிறார். அதைப் பார்த்து மிருதங்கம் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்கிறோமா? மின்சார வாத்தியத்துக்கும் அதே நியாயம்தான் என்பது என் கட்சி. கருவிதான் கைக்கு இணங்க வேண்டும்.

கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் பிரெஞ்சுப் பக்கங்களும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் அந்த மொழியில் படித்த எனக்கு அது சௌகரியம்.

முதல் கோளாறு ஒயர். இவன் போட்டிருந்தது மோனோ. ஜாக்கின் முனையில் ஒரே ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. நடுவுக்கும் விளிம்புக்கும் தனித்தனிச் சத்தம் வேண்டுமென்றால் ஸ்டீரியோதான் வேண்டும். ஒயரை மாற்றி, மாட்யூலில் பேடின் வகையையும் சரியாகத் தேர்ந்தெடுத்ததும் விளிம்பு பேசிவிட்டது. வேறு கம்பெனி பேடாக இருந்தால் பட்டியலில் அதன் பெயர் இராது. ஒத்துவருகிற வகையை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்து ‘திரெஷோல்ட்’. பிரெஞ்சில் ‘ஸேய்’ என்று போட்டிருந்தது. வாசற்படி என்று அர்த்தம். படியைத் தாண்டுகிற அடி மட்டும் உள்ளே போகும், மெல்லிய தட்டல் வெளியிலேயே நிற்கும். (சத்தமாகப் பேசத் தெரியாதவர்களின் மனு மேஜை மேஜையாக நின்றதை ஆபீசில் நிறையப் பார்த்தவன் நான்.) படியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினோம். ரொம்பத் தாழ்த்தியபோது பக்கத்தில் நடந்தாலே சத்தம் வந்தது, ஒரு புள்ளி ஏற்றினோம். பிறகு சென்சிடிவிட்டியைக் கூட்டினோம். அவன் கை வலிக்காமல் அடிக்கிற அடிக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அவ்வளவு.

தொடாமலே ஒலித்த சங்கதிதான் அதிக நேரம் பிடித்தது. பேடுக்குள் இருப்பது பியஸோ என்ற சின்னத் தகடு. அதிர்வு வந்தால் மின்சாரம் அனுப்பும், அடித்தது யார் என்று அதற்குத் தெரியாது. இரண்டு பேடும் ஒரே கம்பியில் மாட்டியிருந்ததால் அதிர்வு கம்பி வழியாகப் போயிருக்கிறது. ‘கிராஸ்டாக்’ அளவைக் கூட்டினால் சரியாகும் என்கிறது கையேடு. கூட்டினோம். ஆனால் அளவு மீறினால் இரண்டையும் சேர்த்து அடிக்கும்போது ஒன்று விழுங்கப்படுகிறது. கடைசியில் பேடைக் கழற்றித் தனி ஸ்டாண்டில் வைத்தோம். தீர்ந்தது.

ஒரு தடவைக்கு ஒரு அளவை மட்டும் மாற்றி, பழைய எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டது என் குமாஸ்தா புத்தி. மொத்தம் இரண்டு சாயங்காலம் ஆயிற்று. கடையில் இதை யாரும் செய்து காட்டவில்லை. காட்டினால் புது செட் விற்காது.

நேற்று ராத்திரி விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தான். ஹெட்போனை என் காதில் மாட்டி, “கேக்குதா தாத்தா?” என்றான். கேட்டது. தைல பாட்டில் என் அலமாரிக்கே திரும்பி வந்துவிட்டது.