மறுதேர்வு மட்டும் போதாது!

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரே கல்வியாண்டில் இரண்டு பொதுத்தேர்வுகள் என்கிற நடைமுறையை 2026-ஆம் ஆண்டு முதல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சிபிஎஸ்இ) கொண்டுவந்திருக்கிறது. பிப்ரவரியில் தொடங்கும் முதல் தேர்வை அனைவரும் எழுதியாக வேண்டும். அதில் மதிப்பெண் குறைந்துவிட்டதாகக் கருதும் மாணவர்கள், மே மாதத்தில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல், மொழிப் பாடங்களில் மூன்றை மட்டும் மீண்டும் எழுதலாம். இரண்டில் எது கூடுதல் மதிப்பெண்ணோ, அதுவே கணக்கில் கொள்ளப்படும்.

ஒரு நாள் காய்ச்சலோ, ஒரு மணி நேரப் பதற்றமோ பதினைந்து வயதுச் சிறுவனின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிடக் கூடாது என்கிற வகையில் இந்த முடிவு வரவேற்கத்தக்கது. ஆனால், கணிதத்தில் பின்தங்கிய மாணவர்களுக்கு இந்த மறுவாய்ப்பு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்கிற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியவில்லை.

முதல் தேர்வு முடிவுகள் ஏப்ரலில் வெளியாகின்றன. இரண்டாவது தேர்வு மே மாதத்தில். இடையில் இருப்பது சில வாரங்களே. வரலாற்றில் விட்டுப்போன இரண்டு அத்தியாயங்களை அதற்குள் படித்து முடித்துவிட முடியும். கணிதம் அப்படிப்பட்டதல்ல. பின்னம் புரியாதவனுக்கு விகிதம் புரியாது. விகிதம் புரியாதவனுக்கு வடிவொத்த முக்கோணமும் முக்கோணவியலும் எட்டாது. பத்தாம் வகுப்பில் சறுக்கிய மாணவனின் குறை, பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலோ அதற்கும் முன்போ தொடங்கியிருக்கும்.

இது வெறும் ஊகமல்ல. நாடு முழுவதும் 2024 டிசம்பரில் மத்திய அரசின் 'பராக்' அமைப்பு நடத்திய தேசிய மதிப்பீட்டில், கணிதத்தில் மூன்றாம் வகுப்பு மாணவர்களின் சராசரி 60%. ஆறாம் வகுப்பில் அது 46% ஆகவும், ஒன்பதாம் வகுப்பில் 37% ஆகவும் சரிந்திருக்கிறது. 'அசர்' அமைப்பு 2023-இல் ஊரகப் பகுதிகளில் நடத்திய ஆய்வில், 14 முதல் 18 வயதுக்கு உள்பட்டவர்களில் மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் சரியாக வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3% மட்டுமே. வகுத்தல் தெரியாத மாணவனிடம் மீண்டும் ஒரு வினாத்தாளைக் கொடுப்பதால் என்ன பயன்?

போதாக்குறைக்கு, வினாத்தாளின் தன்மையும் மாறிவிட்டது. 80 மதிப்பெண் கொண்ட கணிதத் தேர்வில் ஏறத்தாழ பாதி, கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்தும் திறனைச் சோதிப்பவை. முந்தைய ஆண்டுகளின் வினாக்களை மனப்பாடம் செய்து தப்பித்துவிடலாம் என்கிற காலம் மலையேறிவிட்டது. அது நல்ல மாற்றம்தான். ஆனால், ஒரு மாதப் பயிற்சியால் வராத திறனைத்தான் மே மாதத் தேர்வும் கேட்கப்போகிறது என்பதை மறந்துவிடலாகாது. அகமதிப்பீட்டுக்கான 20 மதிப்பெண்ணும் மறுபரிசீலனைக்கு வராது.

யார் எழுதலாம், எத்தனை பாடம் எழுதலாம், எப்போது முடிவு வெளியாகும் என்றெல்லாம் விரிவாகப் பேசும் விதிமுறைகள், அந்த இடைப்பட்ட காலத்தில் அந்த மாணவனுக்கு யார் கற்பிப்பது என்பதில் மௌனம் காக்கின்றன. இதே மத்திய அரசு 2024 டிசம்பரில் திருத்தியமைத்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்ட விதிகள், ஐந்து, எட்டாம் வகுப்புகளின் ஆண்டிறுதித் தேர்வில் தேறாத குழந்தைக்குக் கூடுதல் பயிற்சி அளித்து, இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும் என்கின்றன. தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைப்பது சரியா என்பது தனி விவாதம். ஆனால், மறுதேர்வுக்கு முன்பு மறுபயிற்சி என்கிற நியாயமான கொள்கை எட்டாம் வகுப்புக்குப் பொருந்தும் என்றால், பத்தாம் வகுப்புக்கு ஏன் பொருந்தாது?

பள்ளி ஒதுங்கிக்கொண்டால், அந்த இடத்தைத் தனிப்பயிற்சி நிலையங்கள் பிடித்துக்கொள்ளும். பணம் கட்ட வசதியுள்ளவரின் பிள்ளைக்கு இரண்டாவது தேர்வு வாய்ப்பாகவும், கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இரண்டாவது தோல்வியாகவும் அது முடியக்கூடும்.

வழி இல்லாமல் இல்லை. தலைநகர் தில்லியில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களிடையே நடத்தப்பட்டு, 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு வழிகாட்டுகிறது. தங்கள் வகுப்புக்குரிய கணிதத்தில் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பின்தங்கியிருந்த அந்த மாணவர்களுக்கு, அவரவர் நிலையில் இருந்தே மாலை நேரத்தில் கணினி வழியாகவும் சிறு குழுக்களாகவும் கற்பித்தபோது, நாலரை மாதங்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. மாணவன் இருக்கும் படியில் இருந்து தொடங்கினால் மட்டுமே அவனை அடுத்த படிக்கு ஏற்ற முடியும்.

எனவே, சிபிஎஸ்இ செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, மதிப்பெண்ணுடன், எந்தெந்தப் பகுதியில் மாணவன் தவறினான் என்கிற விவரமும் தரப்பட வேண்டும். இரண்டாவதாக, மறுதேர்வு எழுதுவோருக்குப் பள்ளியிலேயே கட்டணமின்றிச் சிறப்பு வகுப்பு நடத்துவது கட்டாயமாக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே அடிப்படைக் கணிதத்தில் குறையுள்ளவர்களைக் கண்டறிந்து, அன்றே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆசிரியர்கள் வேண்டும். கேந்திரிய வித்யாலயங்களிலும் நவோதயா பள்ளிகளிலும் 12 ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருப்பதாக 2025-இல் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மொத்த எண்ணிக்கையைக் கேட்பதோடு நம் உறுப்பினர்கள் நின்றுவிடாமல், அவற்றில் கணித ஆசிரியர் இடங்கள் எத்தனை, எப்போது நிரப்பப்படும் என்றும் கேட்க வேண்டும்.

தேர்வு என்பது அளவுகோல். இருமுறை அளப்பதால் எந்தக் குழந்தையும் வளர்ந்துவிடுவதில்லை. வளர்ப்பதற்கான பொறுப்பை ஏற்காமல், அளப்பதற்கான வாய்ப்பை மட்டும் அதிகரிப்பது சீர்திருத்தம் ஆகாது!