எலெக்ட்ரானிக் தராசும் மூன்று பிரெஞ்சு வார்த்தைகளும்

வத்தல் மூட்டை தராசில் ஏறியதும் சிவப்பு எழுத்தில் 24.350 என்று எரிகிறது. கிராம் வரைக்கும் காட்டுகிறதே, இனி என்ன சந்தேகம் என்று நம் சம்சாரிகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இன்னொரு தராசில் கால் கிலோ கூடுதலாகக் காட்டிவிட்டால் மட்டும், "ஏமாத்திட்டான்" என்று சத்தம். இரண்டுமே சரியில்லை என்பது என் கட்சி.

தட்டுக்கு அடியில் இருப்பது 'லோட் செல்' என்கிற உலோகக் கட்டை. பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழையின் மின்தடை அப்போது மாறும். 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரத்துக்கும் சேர்த்தே 10 மில்லிவோல்ட் போலத்தான் திரும்பி வரும். 10 கிலோ தராசில் ஒரு கிராம் மல்லிக்கு (நம்மூரில் மல்லி என்றால் பூவா, தனியாவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், நான் சொல்வது பூ) ஒரு மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! இதை எண்ணாக மாற்றித் தருவது ஏ.டி.சி. என்னும் பகுதி. வந்த மின்னழுத்தத்தை ஓர் அளவுகோல் மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு எண் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. வந்ததே தப்பென்றாலும், ஒப்பிடும் அளவுகோல் நகர்ந்துவிட்டாலும், தப்பான எண்ணை அதே பளபளப்போடு காட்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்தக் கரிசல் மண்ணுக்கு வந்தது பிற்பாடு, மாப்பிள்ளையாக. அங்கே பௌதிகப் பாடத்தில் தராசுக்கு மூன்று குணம் சொல்வார்கள்: ழுஸ்தெஸ், ஃபிதெலித்தே, சான்சிபிலித்தே. உண்மையான எடையைக் காட்டுவது முதலாவது. எத்தனை முறை வைத்தாலும் ஒரே எடையைக் காட்டுவது இரண்டாவது. சிறு பாரத்துக்கும் அசைந்து கொடுப்பது மூன்றாவது. புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் காட்டும் தராசு, மூன்றாவது குணத்தைக் காட்டி முதலாவதையும் நம்மை நம்ப வைத்துவிடுகிறது.

எண் நிற்காமல் ஆடினால் இரண்டாவது குணம் போயிற்று என்று அர்த்தம். மேலே மின்விசிறியா, பக்கத்தில் தறி மோட்டாரா, எர்த் சரியில்லையா, வயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆடுகிற எண் நல்லது, நம்மை எச்சரித்துவிடுகிறது. ஆடாமல் அசையாமல் தப்பாகக் காட்டுகிறதே, அதுதான் ஆபத்து.

அதில் பல வகை. காலித் தட்டுக்கே 40 கிராம் காட்டுவது ஒன்று. வெயிலில் வைத்த தராசில் இது சகஜம். ஜீரோ பொத்தானை அழுத்தினால் தீரும். பாரம் ஏற ஏறத் தப்பும் ஏறுவது இன்னொன்று. இதற்கு ஜீரோ பொத்தான் உதவாது. உதாரணத்துக்கு, டெல்லியில் சரிபார்த்த தராசை அப்படியே அருப்புக்கோட்டையில் வைத்தால் 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 50 கிராம் குறைவாகக் காட்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகே புவியீர்ப்பு சற்றுக் குறைவு. லோட் செல் உணர்வது ஈர்ப்பு விசையைத்தான். பழைய கைத்தராசில் இரண்டு தட்டுக்கும் ஒரே ஈர்ப்பு, அதனால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. இன்னும் எளிய கோளாறு ஒன்று: தட்டுக்கடியில் கல்லோ காய்ந்த மிளகாயோ சிக்கிக்கொண்டால் பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும். காலியாக இருக்கும்போது ஜீரோ சரியாகவே தெரியும். மூட்டை ஏறினால் குறையும். நஷ்டம் விற்கிற சம்சாரிக்கு. வியாபாரிக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் முத்திரை போட்ட மறுநாளே கல் சிக்கலாம். அடுத்த ஆண்டு வரை ஆய்வாளர் வரப்போவதில்லை. எனவே நான் கேட்பது பெரிய காரியமில்லை. திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் மூட்டை எடை போடுகிற ஒவ்வொரு கடையிலும், தராசுக்குப் பக்கத்திலேயே முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் ஒன்று இருக்கட்டும். விற்க வந்தவர் கேட்டால் முகம் சுளிக்காமல் முதலில் காலித் தட்டைக் காட்டட்டும். பிறகு கல்லை நடுவில் ஒரு முறை, மூலையில் ஒரு முறை, கடைசியாக மூட்டையோடு சேர்த்து ஒரு முறை வைக்கட்டும். சேர்த்து வைக்கும்போது எண் சரியாக 20 கிலோ ஏற வேண்டும். மொத்தம் இரண்டு நிமிட வேலை.