காகிதமும் இரும்பும்
தம்மம்பட்டி மரச்சிற்பிகள் கோயிலுக்குக் கோயில் அளவு மாற்றிக் குதிரை வாகனம் செதுக்குகிறார்கள். அவர்கள் கைவேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அதே ஊர் லேத்தில் பழைய பைக்குக்குப் பாகம் கடைபவர்மேல் மட்டும் சட்டத்துக்குச் சந்தேகம். பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டத்தின் பயம் நியாயம்தான். மேலே பளபளக்கும் வெல்டிங் உள்ளே இறங்காமல் இருக்கலாம். 6061 ரக அலுமினியம் பற்றவைத்த இடத்தில் வலுவில் கணிசமான பங்கை இழக்கும். ஆனால் சட்டம் பார்ப்பது காகிதத்தை. மட்டமான இரும்பில், பழைய அளவிலேயே ஆக்சில் கடைந்து மாட்டினால் சான்றில் ஒரு வரியும் மாறாது, உயிர் போகலாம். சுமை தாங்கும் பாகமா என்பதல்லவா முதல் கேள்வி? யார் சோதிப்பது என்பார்கள். பிரிட்டனில் வீட்டில் கட்டிய மோட்டார் சைக்கிளைத் தனி வண்டியாக ஆய்வு செய்து சாலைக்கு விடுகிறார்கள். இங்கும் மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்றியமைக்க 52ஆவது பிரிவே வழிவிடுகிறது. சேலம் அரசு பொறியியல் கல்லூரி போன்றவற்றின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துச் சான்று தரலாம். தேறாத பாகத்தைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பலாம்.